பை எடுத்தாயிற்று... அதற்கப்புறம்?

குடல் புற்றுநோயிலிருந்து உயிர் பிழைத்தவர்கள் வெளியே சொல்லாத ஒரு கஷ்டம்: பெங்களூரிலிருந்து சிறப்புக் கட்டுரை

காலை ஏழே முக்கால் மணி. ஓசூரிலிருந்து வரும் பேருந்து பொம்மனஹள்ளியைத் தாண்டி, சில்க் போர்டு மேம்பாலம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்றுவிட்டது. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. ஜன்னலோரம் இருக்கும் ஐம்பது வயதுக்காரர் எழுகிறார், உட்காருகிறார், மறுபடி எழுகிறார். மடியில் மருத்துவமனை ஃபைலும் ஸ்கேன் உறையும். காலடியில் ஒரு துணிப்பை. அதில் மாற்று வேட்டி, பழைய துண்டு, தண்ணீர் பாட்டில், இரண்டு பிளாஸ்டிக் கவர். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. சாப்பிட்டால்தானே வரும் என்று ஒரு கணக்கு. கணக்கு தப்பிவிட்டது.

மனைவி எழுந்துபோய்க் கண்டக்டர் காதில் ஏதோ சொல்கிறார். கதவு திறக்கிறது. நடு ரோட்டில் இறங்கியாயிற்று. இனி எங்கே போவது? ஒரு பக்கம் மெட்ரோ தூண்கள், மறுபக்கம் ஷட்டர் திறக்காத கடைகள். தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க். இருவரும் அதை நோக்கி நடக்கிறார்கள். அவரால் ஓட முடியாது, ஓடினால் காரியம் கெட்டுவிடும்.

இவருக்குப் பெயர் வைக்கவில்லை. இவர் ஒரு ஆள் இல்லை. ஓசூர் ரோட்டில் தினமும் வந்துபோகும் பலரைச் சேர்த்து வரைந்த உருவம். அந்த ரோடே அப்படித்தான். பொம்மசந்திராவில் மஜூம்தார் ஷா மருத்துவமனை, கோரமங்களாவில் செயின்ட் ஜான்ஸ், டெய்ரி சர்க்கிளைத் தாண்டினால் 1973 முதல் இயங்கும் கித்வாய் புற்றுநோய் நிலையம். கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் பலருக்குச் சென்னையைவிட பெங்களூர்தான் பக்கம். ஃபைலும் கையுமாக அவர்கள் வரும் வழி இது.

மூலம் என்று நினைத்தது

கதை பெரும்பாலும் ஒரே மாதிரி தொடங்குகிறது. மலத்தில் ரத்தம் வரும். மூலம் என்று வீட்டில் தீர்மானிப்பார்கள். கைவைத்தியம், மெடிக்கல் ஷாப்பில் களிம்பு என்று சில மாதங்கள் ஓடும். எடை குறைந்த பிறகுதான் குழாய் விட்டுப் பார்ப்பார்கள்.

2022-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 70,000 பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாக வருகிறது. உலக அளவில் 19 லட்சம். மேல்நாட்டு விகிதத்தோடு ஒப்பிட்டால் நம்முடையது குறைவுதான். ஆனால் இரண்டு வித்தியாசங்கள். இங்கே குடலின் கடைசிப் பகுதியான மலக்குடலில் வருவது அதிகம். வயதும் குறைவு: மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவர்கள் தங்கள் நோயாளிகள் 800 பேரைக் கணக்கெடுத்தபோது சராசரி வயது 47. பிள்ளை கல்லூரியில் படிக்கும் வயது, வீட்டுக்கடன் பாக்கி இருக்கும் வயது. சிகிச்சை முடிந்தால் திரும்ப வேலைக்குப் போயே ஆகவேண்டும்.

நூறு வருடங்களுக்கு முன்னால் மலக்குடலில் கட்டி என்றால் ஒரே வழிதான். 1908-ல் லண்டன் மருத்துவர் எர்னெஸ்ட் மைல்ஸ் விவரித்த முறைப்படி மலக்குடல், ஆசனவாய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு, மலம் சேர ஆயுள் முழுக்கப் பை. 1970-களின் கடைசியில் குடலின் இரு முனைகளையும் உள்ளேயே தைக்கும் ஸ்டேப்ளர் கருவி வந்தது. 1982-ல் இங்கிலாந்தின் பில் ஹீல்ட், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறையோடு சேர்த்துச் சுத்தமாக எடுக்கும் முறையைச் சொன்னார். கட்டி திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. இன்று மிகத் தாழ்வான கட்டியைக்கூட எடுத்துவிட்டுப் பலருக்கு ஆசனவாயைக் காப்பாற்றிவிடுகிறார்கள். தையல் ஆறும்வரை மட்டும் தற்காலிகப் பை. அதை எடுக்கும் நாள் வீட்டில் விசேஷம் மாதிரி. சொந்தக்காரர்கள் பழத்தோடு வருவார்கள். "எல்லாம் சரியாயிடுச்சு" என்பார்கள்.

அடுத்த வாரம் தொடங்குகிறது அடுத்த கதை.

ஏரியை மூடினால்

பை எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்று பெங்களூர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் இருக்கும் இடம் ஒருகாலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. ஏரி இருந்தவரை மழைத்தண்ணீர் அங்கே தங்கி, பொறுத்து, வேண்டும்போது வெளியேறும். ஏரியை மூடிய பிறகு அரைமணி மழைக்கே தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிடுகிறது.

மலக்குடல் அப்படிப்பட்ட ஏரி. மலத்தைத் தேக்கி வைப்பது, வந்திருப்பது காற்றா கட்டியா தண்ணீரா என்று பிரித்துச் சொல்வது, 'இப்போ வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று அடக்கி வைப்பது எல்லாம் அதன் வேலை. அதை எடுத்துவிட்டு மேலே இருக்கும் பெருங்குடலை இழுத்து ஆசனவாய்க்கு அருகில் தைக்கிறார்கள். அந்தக் குடலுக்குத் தள்ளத் தெரியும், தேக்கத் தெரியாது. கதிர்வீச்சும் கொடுத்திருந்தால் சுற்றியுள்ள தசையும் நரம்பும் விறைத்திருக்கும். விளைவு: ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து முறை. போய்விட்டு வந்து உட்கார்ந்த அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடி. காற்று என்று நினைத்தால் காற்றாக இருக்காது. சில நாட்கள் நேர்மாறாக ஒன்றுமே வராது; மறுநாள் சேர்த்து வைத்துக் கொட்டும்.

மருத்துவத்தில் இதற்கு 'லார்ஸ்' என்று சுருக்கப் பெயர். மலக்குடலின் கீழ்ப்பகுதியை எடுத்த பிறகு வரும் தொல்லைகளின் தொகுப்பு. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பத்தில் நான்கு பேருக்கு இது கடுமையான அளவில் இருக்கிறது. முதல் ஆறு மாதம் மோசம். ஒன்றரை, இரண்டு வருடத்துக்குள் படிப்படியாகக் குறையும். சிலருக்கு ஒரு பகுதி நிரந்தரமாகத் தங்கிவிடும். கட்டி எவ்வளவு கீழே இருந்ததோ, கதிர்வீச்சு கொடுத்தார்களா இல்லையா, இவைதான் பெரும்பாலும் தீர்மானிப்பவை. நோயாளி செய்த தப்பு எதுவும் இதில் இல்லை. சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லாததால்தான் இப்படி என்று திட்டும் மாமியார்கள் கவனிக்க.

┌ பெட்டி: ஐந்தே கேள்விகள் ┐
டென்மார்க் மருத்துவர்கள் 2012-ல் உருவாக்கிய மதிப்பெண் முறை இது. தாளில் எழுதி அடுத்த செக்கப்புக்கு எடுத்துப் போகலாம்.
• காற்றை அடக்க முடியாமல் போகிறதா?
• தண்ணீராகப் போகும்போது தெரியாமல் கசிகிறதா?
• ஒரு நாளைக்கு எத்தனை முறை?
• போய்வந்த ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போக நேர்கிறதா?
• ஓட வேண்டிய அளவுக்கு அவசரம் வருகிறதா?
மொத்தம் 42 மதிப்பெண். 20 வரை பிரச்னை இல்லை. 21 முதல் 29 வரை லேசானது. 30-உம் அதற்கு மேலும் கடுமை.
└ ┘

கரண்ட் வைக்கும்போது, கீமோ ஏறும்போது

ஆபரேஷனுக்கு முன்பே வயிறு தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிடும். கதிர்வீச்சை நம் மக்கள் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். வழக்கமான முறையில் வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரத்துக்கும் மேல் நடக்கும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வயிற்றுப்போக்கு, முக்கல், ஆசனவாயில் எரிச்சல் எல்லாம் எட்டிப் பார்க்கும். வெளியூர்க்காரர்களுக்கு இன்னொரு சோதனை: மருத்துவமனையைச் சுற்றிய லாட்ஜ்களிலும் வாடகை அறைகளிலும் நான்கு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை. கதவுக்கு வெளியே நிற்கும் பக்கத்து அறைக்காரர் தட்டும்போது அவசரமாக எழுந்து வருவது எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லாத வேதனை. அறை பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்னால் கழிப்பறை உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள்.

கீமோவில் காப்சிடபின் மாத்திரை, ஐரினோடிகன் ஊசி இரண்டும் வயிற்றுப்போக்குக்குப் பேர்போனவை. காப்சிடபின் வீட்டிலேயே சாப்பிடும் மாத்திரை என்பதால் அதில் ஓர் ஆபத்து உண்டு. வயிறு பேதியாகப் போய்க்கொண்டிருக்க, டாக்டர் சொன்ன கோர்ஸ் விடக்கூடாது என்று தொடர்ந்து விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். பேதி கூடினால் அந்த மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் பேச வேண்டும். இது விரதம் அல்ல, பாதியில் நிறுத்தினால் குற்றம் என்பதற்கு.

ஆக்சாலிபிளாட்டின் ஊசிக்கு வேறு குணம். குளிர்ச்சி பட்டால் விரலும் தொண்டையும் மின்சாரம் பாய்ந்த மாதிரி சுரீரென்னும். டிசம்பர் மாத பெங்களூர்க் காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைப்பதே பெரும்பாடு. ஒரு நாளைக்குப் பத்து முறை கழுவ வேண்டியவருக்கு இது எப்படி இருக்கும்? கழிப்பறையில் ஒரு மக் வெந்நீர் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

ஆசனவாய் எரிச்சலுக்கு நம் பழக்கமே நல்ல மருந்து: தேய்த்துத் துடைக்காமல் தண்ணீரில் கழுவுவது. பீய்ச்சியடிக்கும் குழாயை மட்டும் கதிர்வீச்சு நாட்களில் தள்ளி வையுங்கள். கழுவி, மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி, துத்தநாகம் கலந்த களிம்பு தடவலாம். கதிர்வீச்சு நடக்கும் நாட்களில் எந்தக் களிம்பும் கதிர்வீச்சுப் பிரிவில் உள்ளவர்களைக் கேட்ட பிறகே. அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் உட்கார்வது பலருக்கு இதம் தருகிறது.

┌ பெட்டி: இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது ┐
• கீமோ நடக்கும்போது பேதியோடு காய்ச்சல் 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல்
• வழக்கத்தைவிட நான்கு முறைக்கு மேல் கூடுதலாகப் போவது. ராத்திரியிலும் எழுப்பி விடுவது
• மலத்தில் ரத்தம், தலைசுற்றல், சிறுநீர் குறைந்து அடர்நிறமாவது
• வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் இருப்பது. இது அடைப்பாக இருக்கலாம்
• பை ஒரே நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் நிறைவது
காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள்.
└ ┘

பையோடு சில மாதங்கள்

தற்காலிகப் பை பெரும்பாலும் சிறுகுடலில் வைக்கப்படும். வெளியேறுவது தண்ணீராக இருக்கும். உப்பும் கூடவே போகும். இங்கேதான் ஒரு விபரீதம். தண்ணீர் போகிறதே என்று செம்பு செம்பாக வெறும் தண்ணீர் குடித்தால் உப்பு இன்னும் அதிகமாக அரித்துக்கொண்டு போகும். ஓ.ஆர்.எஸ். கரைசல், உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, உப்பு போட்ட மோர் என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதுதான் சரி. சிறுநீரகம் பாதித்து மறுபடி அட்மிட் ஆகிறவர்களில் பலர் இந்த ஒரு விஷயம் தெரியாமல் போனவர்கள்.

பையின் வாய் துளையின் அளவுக்குச் சரியாக வெட்டப்பட வேண்டும். பெரிதாக வெட்டினால் கசிவு தோலில் பட்டுப் புண்ணாகும். ஆபரேஷனான புதிதில் துளை வீங்கியிருக்கும், பிறகு சுருங்கும். முதல் வாரத்து அளவிலேயே கடைசிவரை வெட்டிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் புண் ஆறுவதில்லை. பையை மாற்றச் சொல்லித்தருவதற்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ் பெரிய மருத்துவமனைகளில் இருப்பார். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று மனைவிக்கு மட்டும் சொல்லித்தருவது வழக்கமாகிவிட்டது. நோயாளி தானே மாற்றப் பழகவேண்டும் என்பது என் கட்சி. தன் உடம்பைத் தானே பார்க்க அருவருத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆண்கள் அதிகம். கடைசியில் அவர்கள் வீட்டைவிட்டு நகர முடியாமல் போகிறார்கள். மும்பையிலிருந்து இயங்கும் ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியா, பை வைத்திருப்பவர்களே இன்னொருவருக்கு வழிகாட்டும் அமைப்பு. மருத்துவரைவிட இன்னொரு பைக்காரர் சொன்னால் காதில் ஏறும்.

அவரைக்காய் மேளாவுக்குப் போகலாமா?

சாப்பாட்டைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தும் பத்தியம் கிடையாது என்பதே உண்மை. ஒரு நோட்டில் சாப்பிட்டது, போன நேரம், எத்தனை முறை என்று மூன்று வாரம் எழுதினால், உங்கள் குடல் எதற்குக் கோபிக்கிறது என்று தெரிந்துவிடும். பொதுவாகச் சோறு, இட்லி, வாழைப்பழம், ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு மலத்தைக் கெட்டிப்படுத்தும். தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். கீமோ காலத்தில் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். காரம், எண்ணெய்ப் பலகாரம், வெங்காயம், முட்டைக்கோஸ் இவையெல்லாம் சந்தேகப் பட்டியலில். ஜனவரி மேளாவில் பெங்களூரை மணக்க வைக்கும் அவரைக்காய் காற்றுக்குக் காரணம்; ஆசைக்குக் கொஞ்சம், வெளியே போகாத நாளில் மட்டும். ராகி முத்தே நார்ச்சத்து மிக்கது, கரண்ட் வைக்கும் வாரங்களில் வேண்டாம். பிறகு மெல்லத் திரும்ப வரலாம்.

காபி தனி அத்தியாயம். சூடான ஃபில்டர் காபி குடலைத் தட்டி எழுப்பும். அதையே சாதகமாக்கிக்கொண்டவர்கள் உண்டு: காலை ஐந்தரைக்குக் காபி, எட்டு மணிக்குள் இரண்டு மூன்று முறை போய் முடித்து, ஒன்பதுக்கு மேல் வெளியே. பஸ்ஸுக்கு முன், ஒன்றை இருவர் பகிர்ந்து குடிக்கும் பை-டூ காபி என்பது அவர்களுக்கு விஷப்பரீட்சை.

பயந்து சாப்பிடாமல் கிடப்பதுதான் செய்யக்கூடாத காரியம். வெறும் வயிற்றிலும் குடல் அசையும், காற்று சேரும், எடை இறங்கும். பேருந்தில் நாம் பார்த்தவர் செய்த கணக்கு அதுதான்.

மருந்து இருக்கிறது, கேட்க வேண்டும்

'ஆபரேஷன் ஆனா அப்படித்தான் இருக்கும்' என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நோயாளிகளிடமும் இருக்கிறது, வேகமாக ஓடும் ஓ.பி.யிலும் இருக்கிறது. நூறு பேர் வெளியே காத்திருக்கும்போது டாக்டர் கேட்பது ஸ்கேன் எப்படி, ரத்தப் பரிசோதனை எப்படி என்றுதான். 'மோஷன் சரியாப் போகுதா?' என்றால், கூட மகள் நிற்கிறாளே என்று 'போகுதுங்க' என்று சொல்லிவிட்டு வருகிறார் அப்பா.

செய்வதற்கு நிறைய இருக்கிறது. குடலின் வேகத்தைக் குறைக்கும் லோபெரமைடு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், டாக்டர் சொன்ன அளவில் எடுத்தால் பலருக்கு நாள் முழுதும் நிம்மதி. இசப்கோல் மலச்சிக்கலுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். டாக்டர் சொன்னபடி குறைவான தண்ணீரில் எடுத்தால் சிதறிப் போவதைச் சேர்த்துக் கட்டும். பித்தநீர் சரியாக உறிஞ்சப்படாததால் வரும் பேதிக்குத் தனி மருந்து உண்டு. இடுப்புத் தசைப் பயிற்சி, அதாவது காற்றை அடக்குவதுபோல் இறுக்கிப் பத்து எண்ணி விடுவதை, தினமும் பலமுறை மாதக்கணக்கில் செய்தால் பலன் தெரியும். இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் பெங்களூரில் இருக்கிறார்கள். எதிலும் அடங்காவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரை ஆசனவாய் வழியே செலுத்தி ஒரேயடியாகக் காலி செய்யும் முறை. ஒரு நாளோ இரண்டு நாளோ பயமில்லாமல் வெளியே போய்வரலாம். அதற்கும் மேலே இடுப்பு நரம்பைத் தூண்டும் கருவி. எல்லாம் சேர்ந்தும் ஒன்றும் ஆகாமல், பை வைத்தாலே தேவலை என்று தாங்களே கேட்டு மறுபடி பைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அது தோல்வி இல்லை.

தாம்பத்தியமும் இதில் அடிபடும். அந்த இடத்து நரம்புகள் ஒன்றுக்கொன்று பக்கத்து வீடுகள். ஆண்களுக்கு விறைப்புக் குறையலாம், பெண்களுக்கு வறட்சியும் வலியும் வரலாம். இதற்கும் வைத்தியம் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மீதியை டாக்டரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள்.

ஒன்று மட்டும் கட்டாயம். சிகிச்சை முடிந்து மாதங்களோ வருடங்களோ கழித்து ரத்தம் வந்தால் அது கதிர்வீச்சின் பின்விளைவாகவும் இருக்கலாம், கட்டி திரும்பியதாகவும் இருக்கலாம். மறுபடியும் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி

பெங்களூரின் தாரக மந்திரம் இது. ரோடு தோண்டினாலும், தண்ணீர் வராவிட்டாலும், 'கொஞ்சம் அனுசரித்துப் போங்க.' குடலுக்கு மட்டும் அந்த மந்திரம் பலிப்பதில்லை.

மருந்தால் பாதி சரியாகிறது. மீதிப் பாதி ஊரின் கையில். சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பும் ஐ.டி. ஊழியர் கழிப்பறைக்குப் பக்கத்து மேஜையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். பீன்யாவிலோ பொம்மனஹள்ளியிலோ கார்மெண்ட்ஸில் தைக்கும் பெண்ணுக்கு? மணிக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு. மிஷினைவிட்டு எழுவதே எண்ணப்படும் இடத்தில் ஒரு நாளைக்கு எட்டு முறை எப்படி எழுவாள்? ஆட்டோ ஓட்டுபவர், வீட்டு வேலைக்குப் போகும் அம்மா, தெருவில் காய் விற்பவர் எல்லோருக்கும் கதை இதேதான். புற்றுநோயிலிருந்து பிழைத்தவர் கழிப்பறை இல்லாததால் வேலையை விடுகிறார்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் 2005-ல் ஒரு சட்டம் போட்டது. குடல் நோயுள்ள சிறுமி ஒருத்திக்குக் கடையில் கழிப்பறை மறுக்கப்பட்டதிலிருந்து பிறந்தது. ஆலி சட்டம் என்றே பெயர். இப்படிப்பட்ட நோயுள்ளவர் கேட்டால் கடை ஊழியர்களுக்கான கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும். பிரிட்டனில் 'காத்திருக்க முடியாது' என்று அச்சிட்ட அட்டையை நோயாளிகள் வைத்திருக்கிறார்கள். காட்டினால் போதும், விளக்க வேண்டாம். ஜப்பானில் பல ரயில் நிலையங்களில் பை வைத்திருப்பவர்கள் நின்றபடியே கழுவிக்கொள்ளத் தனித் தொட்டி இருக்கிறது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. வயிற்றில் பையோடு வாழ்பவர் அதில் இல்லை.

சட்டம் வரும்வரை இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். பெட்ரோல் பங்க் ஒவ்வொன்றும் கழிப்பறை வைத்திருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் பாதை பொம்மசந்திராவிலிருந்தே கிளம்புகிறது. ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் அங்கே இறங்கி ஏறினால் சில்க் போர்டு நெரிசலில் மாட்டாமல் வரலாம். நிலையத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஊருக்குப் போக பஸ்ஸைவிட ரயில்: சென்னைக்கு லால்பாக், பிருந்தாவன், மதுரைக்கு 2024 ஆகஸ்டிலிருந்து கன்டோன்மென்ட் வந்தே பாரத். கழிப்பறைக்கு அருகில், பெட்டியின் கோடியில் உள்ள இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

தர்ஷினி ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சமையலறைக்குப் பின்னால் ஊழியர்களுக்கென்று ஒரு கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. ஃபைலும் துணிப்பையுமாக, வியர்த்த முகத்தோடு ஒருவர் கல்லா முன்னால் வந்து நின்றால், காபி டோக்கன் வாங்கினாரா என்று பார்க்காமல் சாவியைக் கொடுங்கள்.

கன்னடம் தெரியாமல் ஓசூர் ரோட்டுக்கு வருகிறவர்கள் மனப்பாடம் செய்துகொள்ள இரண்டே வாக்கியம்: "ஆபரேஷன் ஆகிதெ. டாய்லெட் எல்லிதெ?" ஆபரேஷன் ஆகியிருக்கிறது, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று அர்த்தம்.